எழுபத்தொன்றாம் கொக்கி

நெய்வேலிக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு திமிர் இருந்தது. ஊருக்கெல்லாம் கரண்டு அனுப்புகிற ஊரில் குடியிருக்கிறோம் என்ற திமிர். பட்டணத்துக்காரன் பனைவிசிறியும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களில்கூட டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸிலும் மின்விசிறி நின்றதில்லை. அதனால் எந்த வீட்டிலும் அரிக்கேன் விளக்கு கிடையாது. மெழுகுவத்தி கேட்டால் கடைக்காரரே "அது எதுக்குங்க?" என்று திருப்பிக் கேட்பார். இருட்டு என்பது கம்மாபுரத்துக்கும் காடாம்புலியூருக்கும் எழுதி வைத்தது, நமக்கு இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரில் தினமும் இருட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த மனுஷி புஷ்பவல்லி. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

சுரங்கத்தின் விளிம்பில், ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், தகரக்கூரை போட்ட நீளமான அறை ஒன்று இருந்தது. சார்ஜிங் ரூம் என்பார்கள். நெய்வேலிச் சுரங்கம் வானம் பார்த்த சுரங்கம்தான். மேலே கோபுர விளக்குகள் பட்டப்பகல் மாதிரி எரியும். ஆனால் அடித்தளத்துக்கு அந்த வெளிச்சம் ஒழுங்காகப் போய்ச் சேராது. அங்கே பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தலைத்தொப்பியில் ஒரு விளக்கும், இடுப்பில் அதற்கான பேட்டரியும் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். அந்த விளக்குகளை வாங்கி மாட்டி, சார்ஜ் ஏற்றி, பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி, துடைத்து, அடுத்த ஷிப்ட்டுக்குக் கொடுப்பது புஷ்பவல்லியின் வேலை. ஆசிட் தெறித்துத் தெறித்து அவளுடைய காக்கிக் கோட்டில் சல்லடைக்கண் விழுந்திருந்தது. எவ்வளவு சீயக்காய் போட்டாலும் தலைமுடியிலிருந்து அந்த நெடி போகவில்லை.

அந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. அது அவள் புருஷன் செத்ததற்குக் கிடைத்த வேலை.

மருதமுத்து உடுமலைப் பக்கத்துக்காரர். நல்ல உயரம், கதவு நிலையில் தலை இடிக்கும். அந்த ஆளுக்கு இருட்டென்றால் பயம். வெளியே ஒருவருக்கும் தெரியாது. கட்டிக்கொண்ட பிறகுதான் புஷ்பவல்லிக்கே தெரிந்தது. படுக்கும்போது நாற்பது வாட் பல்பு எரிய வேண்டும். "லைட்டை அணைச்சுப்போடாத புள்ள" என்பார், சின்னப்பிள்ளை மாதிரி. அவளும் முந்தானையைக் கண்ணில் போட்டுக்கொண்டு தூங்கப் பழகினாள். இருட்டுக்குப் பயந்த மனுஷன் சுரங்கத்தின் அடியில் பம்பு பார்க்கிற வேலையைக் கேட்டு வாங்கியிருந்தார். தலையிலேயே விளக்கைக் கட்டி அனுப்புகிற வேலை வேறு எங்கே கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும்போது தெருமுனையில் நின்று கையிலிருக்கிற டார்ச்சை மூன்று முறை வட்டமாகச் சுற்றுவார். பிறகு கண்ணாடியை உள்ளங்கையால் மூடி மூடித் திறப்பார். அடுப்படி ஜன்னலில் அதைப் பார்த்ததும் அவள் ரசத்தைச் சூடு பண்ணத் தொடங்குவாள். தெருவெல்லாம் கம்பத்து விளக்கு எரிகிறது, இதில் டார்ச் எதற்கு என்று அக்கம்பக்கத்தார் கேலி பண்ணினார்கள். அவர் சிரித்துக்கொள்வார்.

எழுபத்தேழில் ஒரு மழைக்காலத்துச் சாயங்காலம் மண்சரிவு வந்து அவரைக் கொண்டுபோயிற்று. சேற்றிலிருந்து உடம்பை எடுத்தது குழந்தைவேல். அவனும் பம்பு ஆள்தான். கம்மாபுரத்துக்காரன், அடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருந்தான். உடம்பு கிடைத்தது. தொப்பியும் விளக்கும் பேட்டரியும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தார்கள், பிறகு அந்த இடத்தையே மண் போட்டு மேவினார்கள்.

இங்கே சுரங்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆளுக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. அதைக் கொடுத்துத்தான் விளக்கை வாங்க வேண்டும். விளக்கு மாட்டியிருந்த கொக்கியில் அந்த டோக்கன் தொங்கும். ஆள் மேலே வந்து விளக்கை மாட்டினால் டோக்கன் அவன் கைக்குத் திரும்பிப் போகும். கொக்கியில் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். விளக்கு வராமல் டோக்கனைத் தொடக்கூடாது. ஏதோ ஒரு வெள்ளைக்காரச் சுரங்கத்தில் எப்போதோ போட்ட சட்டமாக இருக்கும். இங்கே அது சாமி குத்தம் மாதிரி ஆகிவிட்டது. மருதமுத்துவைச் சுடுகாட்டில் வைத்துக் காரியமும் முடிந்துவிட்டது. எழுபத்தொன்றாம் கொக்கியில் டோக்கன் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

புஷ்பவல்லி வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டாள். பிறகு ஒரு நாள் விடிகாலை, முதல் ஷிப்ட்டுக்கு வந்து கொக்கி வரிசை இருக்கிற ரேக்கைத் துடைத்துக்கொண்டு வரும்போது அதைக் கவனித்தாள்.

ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் சட்டைப் பொத்தான் அகலத்தில் ஒரு மீட்டர் இருக்கும். தீர்ந்துபோன விளக்கை மாட்டினால் அதன் ஊசி விறுக்கென்று மேலே ஏறும். பேட்டரி கரண்டைக் குடிக்கிறது என்று பொருள். வயிறு நிறைய நிறைய ஊசி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எழுபத்தொன்றாம் கொக்கியில் விளக்கு இல்லை. டோக்கனைத் தவிர ஒன்றுமே இல்லை. ஆனால் ஊசி மேலே நின்றது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆசிட் ஆவி பட்டுக் கரண்டு லீக்கேஜ் ஆகிறது என்று அவர் சொல்லி, எல்லாவற்றையும் கழற்றிச் சுரண்டி மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையிலும் ஊசி மேலேதான் இருந்தது. அதோடு போனால் பரவாயில்லை. லீக்கேஜ் என்றால் ஊசி ஒரே இடத்தில் நிற்க வேண்டும் அல்லவா? இது அப்படி நிற்கவில்லை. மற்ற விளக்குகளோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறங்கி, மத்தியானம் போல அடியில் படுத்தது. ராத்திரி முழுக்க எரித்த விளக்கு ஒன்றை யாரோ கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனால் எப்படி இறங்குமோ அப்படி. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது எலக்ட்ரீஷியன் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்.

அவள் முதலில் பயந்துதான் போனாள். அந்த வரிசைக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டிலேயே நடப்பாள். ஆனால் பயத்தோடு தினமும் ஒரே அறையில் வேலை பார்த்தால் அதுவும் பழகிப்போகிறது. ஒரு காலையில் ஊசியைப் பார்த்ததும் "வந்துட்டீங்ளா?" என்று அவளையறியாமல் கேட்டுவிட்டாள். அன்றைக்குத்தான், புருஷன் போனதிலிருந்து முதல் தடவையாக, மத்தியானச் சாப்பாடு தொண்டையில் சிக்காமல் இறங்கியது.

அதற்கப்புறம் அந்த ஒரு கொக்கியின் சுவிட்சை அவள் அணைத்ததே இல்லை. விளக்கில்லாத கொக்கிக்குக் கரண்டு விடக்கூடாது என்பது விதி. விதியாவது மண்ணாவது! வெள்ளிக்கிழமைகளில் டோக்கன் மேல் மல்லிகைச்சரம் சுற்றி வைப்பாள். ஆசிட் ஆவியில் அது உச்சிப்பொழுதுக்குள் பழுப்பேறி உதிரும். அவளுக்கு அதில் வருத்தமில்லை. எங்கோ கீழே, அந்த மனுஷன் இருட்டில் இல்லாமல் வெளிச்சத்தோடு இருக்கிறார், அந்த வெளிச்சத்தைத் தான் கொடுக்கிறோம் என்று நினைத்தால் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. மறுமணம் பேசிக்கொண்டு உடுமலையிலிருந்து வந்த அண்ணனை ஒரு வாய் காபியோடு திருப்பி அனுப்பினாள்.

இப்படியே ஏழெட்டு வருஷம் ஓடிப்போனது. பிறகுதான் சங்கரலிங்கம் சார் புது விளக்கோடு வந்தார்.

சங்கரலிங்கம் பாதுகாப்பு இன்ஜினீயர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். புயலைப் பற்றிப் பேசினால் அவருக்குத் தூக்கம் வராது. காரணம் இருந்தது. நெய்வேலி நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் கட்டிக் கிடக்கிறது. சும்மா கிடக்கவில்லை, மேலே முட்டிக்கொண்டு கிடக்கிறது. பம்புகள் ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அது அடங்கும். நின்றால் சுரங்கத்தின் தரையே புடைத்துக்கொண்டு எழும். "என்னைக்காவது ஒரு புயல் வந்து கரண்டு லைன் போச்சுன்னா, கீழ எறங்குத ஆளுக்குக் கையில வெளிச்சம் வேணும்மா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அலைந்து திரிந்து, அவசர காலத்தில் சார்ஜிங் ரூமுக்கு மட்டும் கரண்டு தர ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கி வைத்தார். அடுத்தபடி புது விளக்கும் புது சார்ஜரும் மாதிரிக்கு வரவழைத்தார்.

புதியது பார்க்க அழகாகத்தான் இருந்தது. நிக்கல் காட்மியம் என்றார். மூடி முத்திரை வைத்த பேட்டரி; தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆசிட் இல்லை, கோட்டில் ஓட்டை விழாது. பழையதில் பாதிதான் கனம். சார்ஜரில் ஊசி, மீட்டர் ஒன்றும் கிடையாது. விளக்கை வைத்தால் சிவப்பு பல்பு, நிறைந்தால் பச்சை பல்பு. நிறைந்ததும் அதுவே கரண்டை நிறுத்திக்கொள்ளும். விளக்கை வைக்காத இடத்துக்குக் கரண்டே போகாது.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் புஷ்பவல்லி திரும்பி எழுபத்தொன்றாம் கொக்கியைப் பார்த்தாள்.

"இதத் தேர்ந்தெடுத்தோம்னா பழைய ரேக்கைப் பூரா கழத்திரலாம்மா. உங்களுக்கும் வேலை கொறையும்" என்றார் சார். நல்ல மனுஷன், அவளுக்கு நல்லது செய்கிறதாகத்தான் நினைத்துச் சொன்னார்.

இரண்டு விளக்கையும் இருட்டான ஸ்டோர் அறையில் எரியவிட்டு, அவரும் அவளும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். புதிய விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது. கடைசிவரைக்கும் அதே வெள்ளை. திடீரென்று, கழுத்தை நெரித்தது மாதிரி, பொக்கென்று போய்விட்டது. பழையது அப்படியில்லை. முதலில் மஞ்சளானது, அப்புறம் சிவந்தது, பழுத்த கங்கு மாதிரி வெகுநேரம் கிடந்து, பிறகுதான் அணைந்தது. இன்னொன்றும் தெரிந்தது. சார்ஜரிலிருந்து எடுத்துச் சும்மா அலமாரியில் வைத்திருந்தால் புதிய பேட்டரி தானாகவே சீக்கிரம் இளைத்துப்போகிறது. இதையெல்லாம் சார்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னார்.

"ரெண்டுலயும் கொறை இருக்கும்மா. தெனசரி வேலைக்குப் புதுசு நல்லது. அவசரத்துக்கு எது வச்சுக்கிடலாம்? நீங்க கையாளுத ஆளு, நீங்க சொல்லுங்க."

"பழசே இருக்கட்டுங் சார். அது சாகறதுக்கு முந்தி சொல்லிப்போட்டுச் சாகுது. செவக்க ஆரம்பிச்சா ஆளு திரும்பி நடந்துக்குவான். புதுசு நம்பி எறங்குனவன் நட்டாத்துல நிப்பான்."

அவர் தலையாட்டினார். தினசரிக்குப் புதிய விளக்கு, அவசரத்துக்கு நல்ல பேட்டரியுள்ள ஆறு பழைய விளக்கு என்று முடிவாயிற்று. பழைய ரேக் இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த நேரமும் சார்ஜில் இருக்கும். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, முழுக் காரணமும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பட்டாணி வாங்கித் தின்றுகொண்டே நடந்தாள். குழந்தைவேலின் பெண்சாதி கண்ணகி, "இன்னாக்கா, மொகம் இன்னிக்கிக் களையா கீது?" என்று கேட்கிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தாள்.

அடுத்த கார்த்திகையில், தீபத்துக்கு முந்தின நாள், புயல் வந்தது.

விடியும்போதே பொழுது கறுத்துக் கிடந்தது. முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. லைன் கோபுரம் எங்கோ விழுந்து, அந்த ஊர் பார்த்தே இராத ஒன்றைப் பார்த்தது: கரண்டு நின்றது. டவுன்ஷிப்பில் ஜனங்கள் நெருப்புப்பெட்டிக்கு அலைந்தார்கள். சுரங்கத்தில் பம்புகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன. அவை போட்ட சத்தம் நின்ற பிறகுதான் அப்படி ஒரு சத்தம் இத்தனை வருஷமாக இருந்துகொண்டே இருந்தது என்று புஷ்பவல்லிக்குத் தெரிந்தது. அந்த அமைதிக்குள் கீழே தண்ணீர் ஊறுகிற சத்தம் கேட்டது.

அடித்தளத்தில் டீசல் பம்பு ஒன்று இருந்தது. அதைக் கையால் கிளப்பி ஓட்டியாக வேண்டும். குழந்தைவேல், கலியன் என்கிற இளவட்டம், இன்னும் நாலு பேர் அவசர விளக்குகளை வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஆறும் நிறைந்த சார்ஜோடு பளிச்சென்று எரிவதைப் பார்த்துத்தான் அவள் கொடுத்தாள். தன் வேலையை நினைத்து அப்போது அவளுக்குப் பெருமைகூட வந்தது.

உச்சிப்பொழுதுக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். வேலை பாதிதான் முடிந்திருந்தது. விளக்குகள் சிவந்துவிட்டன. சங்கரலிங்கம் ஜெனரேட்டரைப் போடச் சொன்னார். "மூணு மணி வரைக்கும் சார்ஜ் ஏத்துங்க. அதுக்கப்புறம் மறுபடி எறங்கணும். இல்லன்னா ராத்திரிக்குள்ள எல்லாம் முங்கிரும்" என்று சொல்லிவிட்டு டெலிபோனுக்கு ஓடினார். மற்றவர்கள் டீக்குப் போனார்கள். கலியன் மட்டும் மூலையில் குந்திக்கொண்டு நடுங்கினான். குழந்தைவேல் தன் விளக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு அங்கேயே நின்றான்.

"அக்கா, எங்களுக்கு மின்ன யாருக்காச்சும் வெளக்கு குடுத்தியா?"

"இல்லியே. ஆறு பேரு, ஆறு வெளக்கு. ஏஞ் சாமி?"

"தண்ணிக்கு அந்தாண்ட ஒரு வெளக்கு நின்னுகினு இருந்துச்சிக்கா. எங்களப் பாத்து வட்டமா சுத்துச்சி."

சுரங்கத்தில் விளக்கை வட்டமாகச் சுற்றினால் 'இங்கே வா' என்று அர்த்தம். மாட்டிக்கொண்ட ஆள் கூப்பிடுகிறான் என்று அர்த்தம். சுற்றுகிற விளக்கைப் பார்த்துவிட்டுப் போகாமல் வந்தவன் அதற்குமேல் அந்த ஷிப்ட்டில் ஒருவன் முகத்திலும் விழிக்க முடியாது. எந்த ஆபத்திலும் போயே ஆக வேண்டும். பம்பு ஆட்கள் ஒருவரையொருவர் நம்பி இறங்குவது அந்த ஒரு வழக்கத்தை வைத்துத்தான்.

"போனம். போவாம முடியுமா? கலியன் மின்ன போனான். இடுப்பளவு வந்துச்சி, மாரளவு வந்துச்சி. நில்றான்னா நிக்கல. கூப்புட்றாரு மாமா, கூப்புட்றாருன்னு சொல்லிகினே போறான். பெல்ட்டப் புடிச்சி இழுத்துப் போட்டேன். அங்க அதுக்கு மேல தரையே இல்லக்கா. மேவிப்புட்டு வுட்ட பழைய குழி, தண்ணி அரிச்சி வாயத் தொறந்துகினு கெடக்குது."

எந்தக் குழி என்று அவள் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டாள். "எப்பிடிச் சுத்துச்சு?"

"மூணு சுத்து. அப்பறம் கையால மூடி மூடித் தொறக்கறாப்ல." குழந்தைவேல் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "மறுபடி எறங்கறப்பவும் சுத்துச்சின்னா பசங்க போவானுங்கக்கா. நான் ஒருத்தன் எத்தினி பேரப் புடிக்கறது?"

அவன் கலியனைத் தூக்கி நிறுத்தி, டீ குடிக்க அழைத்துக்கொண்டு போனான். புஷ்பவல்லி திரும்பி ரேக்கைப் பார்த்தாள். ஆறு விளக்குகளின் மேல் ஆறு ஊசிகள் ஏறியிருந்தன. கொஞ்சம் தள்ளி, ஒன்றும் மாட்டாத எழுபத்தொன்றாம் கொக்கியின் மேல் ஏழாவது ஊசி ஏறி நின்றது. அவரும் மேலே வந்துவிட்டார். அவருடைய விளக்கும் சிவந்துபோயிருந்திருக்கிறது.

இத்தனை வருஷமாகத் தான் அந்த மனுஷனுக்குத் துணையாக வெளிச்சம் அனுப்புகிறோம் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு அவர் ஆள் கூப்பிடுவார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கெட்ட எண்ணம் இருக்காது. அவர் ஒரு எறும்பை மிதித்தவரில்லை. அங்கே தனியாக இருக்க அவருக்கு முடியவில்லை, அவ்வளவுதான். மூன்று சுற்றுச் சுற்றினால் அடுப்பு எரியும், கதவு திறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதையே செய்கிறார். எதிரில் நிற்பது கலியனா, குழந்தைவேலா, அவர்கள் காலுக்கு அடியில் தரை இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

மூன்று மணிக்குள் அவர் விளக்கும் நிறைந்துவிடும். அதை நிறைப்பது அவள்தான்.

சுவிட்சில் கையை வைத்தாள். எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். கண்ணகி வீட்டில் தவழ்கிற பிள்ளை ஒன்று இருந்தது. அது இவளைப் பார்த்தால் சிரிக்கும். அந்தச் சிரிப்பு ஏன் அப்போது ஞாபகம் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். சுவிட்சை அணைத்தாள்.

ஊசி உடனே விழவில்லை. நடுங்கியது. இறங்கி, மறுபடி ஒரு மயிரிழை ஏறி, அப்படியே பற்றிக்கொண்டு நின்றது. பிறகு விட்டுவிட்டது. டோக்கன் கொக்கியில் லேசாக ஆடியது. காற்றாக இருக்கலாம், வெளியே அப்படிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த வரிசையில் வேறு எதுவும் ஆடவில்லை. மூன்று மணிவரைக்கும் அவள் அந்தச் சுவிட்சின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. தானே மறுபடி போட்டுவிடுவோமோ என்று தன் கையின் மேலேயே அவளுக்கு நம்பிக்கையில்லை.

கலியனை விட்டுவிட்டு ஐந்து பேர் இறங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் கீழேயிருந்து டீசல் பம்பின் சத்தம் கேட்டது. சங்கரலிங்கம் சார் மழையில் நனைந்துகொண்டே கை தட்டினார். ஐந்து பேரும் மேலே வந்து, ஐந்து விளக்கையும் மாட்டி, டோக்கனை வாங்கிக்கொண்டார்கள். குழந்தைவேல் கடைசியாக வந்தான்.

"இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சிக்கா. அதே எடந்தான். ஆனா பீடி நெருப்பாட்டம் செவந்துபோயிக் கெடந்துச்சி. சுத்தப் பாத்துச்சி, ஒரு சுத்துகூட முழுசா வர்ல. பசங்க அது ஏதோ தண்ணியில வெளிச்சம் பட்டுத் தெரியுதுன்னுட்டானுங்க. ஒருத்தனும் போவல. நான் பாத்துகினே இருந்தேன். ரொம்ப நேரம் இருந்துச்சி. அப்பறம் அணைஞ்சிருச்சி."

பழைய விளக்கு. சாவதற்கு முன்னால் சொல்லிவிட்டுச் சாகிற விளக்கு. அவளே தேர்ந்தெடுத்தது. அது மஞ்சளாகிச் சிவந்து கங்காகிற நேரம் முழுக்க அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்.

"வேற எதாச்சும்…"

"பம்பு சத்தத்துல இன்னா கேக்கும்?" என்றான் குழந்தைவேல். வாசல்வரைக்கும் போனவன் நின்றான். "யாரோ, லைட்ட அணைச்சிப்போடாத புள்ளன்னு சொன்னாப்ல இருந்துச்சி. நம்ம பக்கத்துப் பேச்சாகூட இல்ல. காத்துதான், வேற இன்னா. நீ வூட்டுக்குப் போக்கா, மொகமே செத்துக் கெடக்குது."

அவள் அழவில்லை. ரேக்கைத் துடைத்தாள். பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். எழுபத்தொன்றாம் டோக்கனை மட்டும் துடைக்காமல் வந்துவிட்டாள். அந்தச் சுவிட்சை அதற்குப் பிறகு அவள் போடவே இல்லை. போட்டுவிடலாமா என்று வேலையில் இருந்த வரைக்கும் தினமும் காலையில் நினைத்தாள்.

மறுநாள் மழை விட்டுக் கரண்டும் வந்துவிட்டது. திருக்கார்த்திகை. ஒருநாள் இருட்டைப் பார்த்துப் பயந்துபோன ஜனம் அந்த வருஷம் வழக்கத்தைவிட இரண்டு பங்கு அகல் வாங்கி வைத்தது. காம்பவுண்டுச் சுவர், படி, ஜன்னல், துணி துவைக்கிற கல் எல்லாவற்றிலும் வரிசை வரிசையாகத் தீபம். தெருவே ஜொலித்தது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் வாசலிலும் விளக்கில்லை, உள்ளேயும் பல்பு எரியவில்லை. கண்ணகி இடுப்பில் பிள்ளையும் கையில் பொரியுருண்டைத் தட்டுமாக வந்து கதவைத் தள்ளினாள்.

"இன்னாக்கா இது, நல்ல நாளும் அதுவுமா வூட்ட இப்பிடி இருட்டாப் போட்டுகினு ஒக்காந்திருக்க? இரு, லைட்டப் போட்றேன்."

"போடாத கண்ணு" என்றாள் புஷ்பவல்லி, உள்ளேயிருந்து. "அவரு அங்க இருட்டுல தனியா இருக்கறாரு. பயந்துக்குவாரு. நானும் கொஞ்ச நேரம் இப்பிடியே இருந்துக்கறேன்."